பழைய காரில் மறைந்திருக்கும் செசி வேலை: அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் வழிமுறை

பயன்படுத்திய கார் ஒன்றைப் பார்க்கப் போகிறவர் முதலில் பாகங்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பம்பர், பொனட், முன் மட்கார்ட், கதவு, டிக்கி மூடி எல்லாம் பொல்ட்டைக் கழற்றிப் பூட்டுகிறவை. இவை மாறியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். முன் செசிச் சட்டங்கள், ஏப்ரன் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள உள்தகடு), தீச்சுவர் (என்ஜினுக்கும் உள்ளே இருப்பவருக்கும் இடையிலுள்ள தகடு), தூண்கள், கூரை, தரை, பின் குவாட்டர் பெனல் (பின் சக்கரத்தைச் சுற்றிய வெளித் தகடு) ஆகியவை வெல்டில் ஒட்டிய எலும்பு. செசி வேலை என்பது இவற்றில் நடந்த வேலை. இவற்றில் வெட்டு, ஒட்டு, நிமிர்த்தல் நடந்திருந்தால் அடுத்த விபத்தில் உள்ளே இருப்பவரை அந்தக் கார் எப்படிக் காக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார் விலை ஏறியது. முன்பென்றால் உடைத்துப் பாகமாக விற்றிருக்கக்கூடிய கார்களைக்கூட நிமிர்த்தி ஓடவைப்பது லாபமாகிவிட்டது. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் 2012 முதல் 2018 வரையான அக்வா, ப்ரியஸ், வெசல், வேகன் ஆர், அக்சியோ போன்றவற்றை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொண்டுபோக வேண்டியவை: நல்ல டோர்ச், 5 மீட்டர் அளவு நாடா, துணி சுற்றிய சிறு காந்தம், கைபேசி, பயன்படாத வங்கி அட்டைகள் நான்கு, முடிந்தால் பெயின்ட் தடிப்பு அளக்கும் மீட்டர். காரைப் பகல் வெளிச்சத்தில், காய்ந்த நிலையில் பாருங்கள். மழை நனைந்த காரிலும், தொடர்மாடியின் நிலக்கீழ் தரிப்பிடத்திலும் புட்டி அலை கண்ணுக்குத் தெரியாது. மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொன்னால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள்.

ஒரு மூலையில் ஒரே ஒரு தடயம் கிடைத்தால் முடிவெடுக்க வேண்டாம். அதே மூலையில் இரண்டு மூன்று சேர்ந்தால்தான் அது வலுவான சாட்சி.

## அறிகுறி 1: பொனட், மட்கார்ட், கதவு இடைவெளி ஒரே சீராக இல்லை

வங்கி அட்டை ஒன்றின் தடிப்பு 0.76 மி.மீ. நான்கு சேர்ந்தால் ஏறக்குறைய 3 மி.மீ. அட்டைகளை அடுக்கி இடைவெளிக்குள் விட்டு, பொனட்டின் வலது ஓரம் முழுக்க நகர்த்துங்கள். பிறகு இடது ஓரம். எத்தனை அட்டை போகிறது என்பதைவிட, இரண்டு பக்கமும் ஒரே அளவு போகிறதா என்பதுதான் முக்கியம்.

எளிய காரணம், பொனட்டின் ரப்பர் தாங்கிகள் கூடக்குறையத் திருகப்பட்டிருப்பது. கையால் திருகிப் பார்த்தால் உயரம் சரியாகிவிடும். அடுத்தது, மட்கார்டோ பொனட்டோ மாற்றப்பட்டிருப்பது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கிப் பூட்டிய பாகம் நல்லதாகவே இருந்தாலும், பூட்டியவர் பொறுமையாகச் சரிசெய்யாவிட்டால் இடைவெளி பிசகும். பொனட் கீல் பொல்ட், மட்கார்ட் மேல் பொல்ட் ஆகியவற்றின் தலையைப் பாருங்கள். தொழிற்சாலையில் பூட்டிய பிறகுதான் பெயின்ட் அடிக்கிறார்கள் என்பதால், பொல்ட் தலையின் ஓரங்களில் பெயின்ட் உடைந்திருந்தால் சாவி போட்டிருக்கிறார்கள். வாஷர் நகர்ந்த தடம் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தாலும் அதே அர்த்தம். இதுவரைக்கும் பயமில்லை.

செலவான காரணம், ரேடியேட்டர் பெனலோ (ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டகம்) செசிச் சட்டமோ இழுபட்டிருப்பது. இதற்கு குறுக்களவு எடுக்க வேண்டும். வலது ஷொக் மேடையிலுள்ள (ஷொக் அப்சோபரின் மேல்முனை பொருந்தும் இடம்) ஒரு பொல்ட்டிலிருந்து இடது ஹெட்லைட்டைத் தாங்கும் பொல்ட் வரை அளந்து, அதே பொல்ட்டுகளுக்கு மறுபக்கமிருந்தும் அளவெடுங்கள். 3 மி.மீ. வரை வித்தியாசம் உங்கள் கைப்பிழையாக இருக்கலாம். 5 மி.மீ.க்கு மேல் போனால், ஹெட்லைட் தாங்கிகளில் ஒட்டு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேச்சை நிறுத்தி லிஃப்ட் உள்ள கராஜுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள்.

முன் கதவின் முன் ஓரம் மட்கார்டில் கிட்டத்தட்ட உரசுகிறது, அல்லது கதவின் மேல்பக்கம் அகலமாகவும் கீழ்ப்பக்கம் நெருக்கமாகவும் இருக்கிறது என்றால் அறிகுறி 4-க்குப் போங்கள்.

## அறிகுறி 2: ஒரு பெனல் மட்டும் வேறு நிறம், அல்லது மீட்டர் அதிகம் காட்டுகிறது

கொழும்பில் பத்து வருடம் ஓடிய காரில் எல்லாப் பெனலும் ஒரிஜினல் பெயின்ட்டாக இருப்பது அபூர்வம். காலி வீதியில் பஸ் உரசும், ஒழுங்கைக்குள் மதில் உரசும், முச்சக்கரவண்டி மூலையை இடிக்கும். பம்பர் மூலை, இடது மட்கார்ட், இடது பின் கதவு மறுபடி பெயின்ட் கண்டிருந்தால் மனம் தளர வேண்டாம்.

ஜப்பானியக் கார்களின் தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரோன் வரை. 200 முதல் 350 வரை காட்டினால் மேலே ஒரு தடவை அடித்திருக்கிறார்கள். 500-ஐத் தாண்டினால் புட்டி. 1000-க்கு மேல் என்றால் நசுங்கிய தகட்டைச் சரியாக எடுக்காமல் புட்டியால் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு பெனலில் குறைந்தது ஐந்து இடங்களில் வையுங்கள். புட்டி பெரும்பாலும் சக்கர வளைவைச் சுற்றியும் கதவின் கீழ்ப்பகுதியிலும்தான் இருக்கும்.

மீட்டர் இல்லாவிட்டால் காந்தம். ஆனால் ப்ரியஸின் பொனட் அலுமினியம். அதில் காந்தம் பிடிக்காததை வைத்துப் புட்டி என்று சொல்லிவிடாதீர்கள். பம்பரிலும் காந்தம் பிடிக்காது, அது பிளாஸ்டிக்.

இங்கேதான் நிறையப் பேர் அரைவழியில் நின்றுவிடுகிறார்கள். வெளித் தகட்டில் உள்ள பெயின்ட் கீறலைச் சொல்லும். எலும்பைப் பற்றிச் சொல்வது உள்பக்கப் பெயின்ட். கதவைத் திறந்து தூணின் உள்முகத்திலும், கதவு நிலையிலும், டிக்கி வாயின் ஓரத்திலும் மீட்டரை வையுங்கள். அங்கே தொழிற்சாலைப் பெயின்ட் வெளியேயிருப்பதைவிட மெல்லியது. அந்த இடத்தில் 300 காட்டினால், சாதாரணக் கீறலுக்கு யாரும் அங்கே ஸ்பிரே பிடித்திருக்க மாட்டார்கள். கதவு ரப்பரை இரண்டு விரலால் உரித்துப் பாருங்கள். மறைத்து அடித்த பெயின்ட்டின் விளிம்பு ரப்பருக்கடியில் கோடாக நிற்கும்.

## அறிகுறி 3: பொனட்டுக்குள் சுருக்கம், புது சீலர், வெல்ட் தடம்

இந்த ஒரு இடத்துக்கு மட்டும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். முன்னால் மோதிய காரின் கதை முழுவதும் இங்கே இருக்கும்.

என்ஜினின் இருபுறமும் முன்னோக்கி நீளும் பெட்டி வடிவச் சட்டங்களை டோர்ச்சால் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் சுருக்கம் தெரியாது. சாய்த்து அடித்தால் நிழல் விழும். தொழிற்சாலையே சில சட்டங்களில் மடிப்புக் குழிகளை வைக்கிறது, மோதும்போது அந்த இடத்தில் மடியட்டும் என்று. அவை இரு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் அலை, மோதலின் அலை.

அடுத்து வெல்ட் புள்ளிகள். தொழிற்சாலையின் ஸ்பொட் வெல்ட் 5 அல்லது 6 மி.மீ. விட்டமுள்ள வட்டக் குழி. ஆழமில்லாமல், ஒழுங்கான இடைவெளியில் வரிசையாக ஓடும். கராஜில் வைப்பது துளையிட்டு நிரப்பும் வெல்ட். அது மேடாக இருக்கும், அல்லது கிரைண்டரால் தேய்த்துத் தட்டையாகியிருக்கும், இடைவெளியும் ஏறுக்குமாறாக இருக்கும். வலது ஏப்ரனில் புள்ளிகளை எண்ணி, இடதில் எண்ணுங்கள். ஒரு பக்கம் புள்ளியே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் மேலே புட்டி பூசியிருக்கிறார்கள்.

மூன்றாவது சீலர். தகடுகள் சேரும் விளிம்பில் பூசிய சீலரை நகத்தால் அழுத்துங்கள். தொழிற்சாலையில் சூளையில் வெந்த சீலர் கெட்டியாக இருக்கும். நகம் பதிந்தால், அல்லது விண்டு பார்க்கும்போது உள்ளே பளபளப்பாக ஈரமாக இருந்தால் பின்னால் பூசியது. தூரிகைக் கோடுகளும் அப்படித்தான்.

காரணங்களை இப்படி வரிசைப்படுத்துங்கள்:

1. ரேடியேட்டர் பெனல் மட்டும் மாறியது. சில கார்களில் அது பொல்ட்டில் பூட்டுவது, சிலவற்றில் வெல்ட். பொல்ட் என்றால் பெரிய விஷயமில்லை.
2. செசிச் சட்டத்தின் நுனி, இழுவைக் கொக்கி இருக்கும் இடத்தில் சற்று வளைந்திருப்பது. ஜப்பானிலிருந்து கப்பலில் கட்டி வரும்போதும் இது நடக்கும். நுனியில் மட்டும் இருந்து, ஏப்ரன் சுத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.
3. சட்டத்தை இழுத்து நிமிர்த்தியது. சுருக்கத்தின் மிச்சம் தெரியும், பெயின்ட் மயிர்க்கோடாக வெடித்திருக்கும்.
4. சட்டமோ ஏப்ரனோ வெட்டி ஒட்டியது. கொழும்பில் இதற்கு நோஸ் கட் என்று சொல்வார்கள்: வேறொரு காரின் முகத்தை அப்படியே வெட்டிக் கொண்டுவந்து பொருத்துவது.

நோஸ் கட்டில் பொனட், லைட், ரேடியேட்டர், மட்கார்ட் எல்லாம் ஒரே காரிலிருந்து வருவதால் இடைவெளிகள் மிகச் சரியாக இருக்கும், அறிகுறி 1 உங்களுக்கு உதவாது. வெட்டு எங்கே போயிருக்கிறது என்பதைத்தான் தேட வேண்டும்: ஷொக் மேடைக்கு முன்னாலா, பின்னாலா? மேடைக்கும் தீச்சுவருக்கும் இடையில் வெல்ட் தடம் இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். மேடைக்கு முன்னால் என்றால் விற்பவர் அதை முதலிலேயே சொன்னாரா என்று பார்த்து, முகவர் நிறுவனத்தின் பணிமனையிலோ செசி அளக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கராஜிலோ அளவறிக்கை எடுத்த பிறகே விலை பேசுங்கள்.

## அறிகுறி 4: கதவு சாத்தும்போது தூக்க வேண்டியிருக்கிறது, சத்தம் வேறுபடுகிறது

நான்கு கதவுகளையும் ஒரே வேகத்தில் சாத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் தகரச் சத்தம் போட்டால் முதலில் கதவுக்குள் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கிறதா, ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாரதி கதவு தொங்குவது பெரும்பாலும் கீல் தேய்மானம். கதவைத் திறந்து மேலும் கீழும் ஆட்டினால் கீலில் ஆட்டம் தெரியும். கீலில் ஆட்டமே இல்லாமல் கதவு பொருந்தவில்லை என்றால், தூண் நகர்ந்திருக்கலாம்.

முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவிலுள்ள பி தூணின் உள்பக்க வெல்ட் புள்ளிகளை வலது இடது ஒப்பிடுங்கள். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சட்டத்தை (சில்) குனிந்து முன்னிருந்து பின்னாகப் பாருங்கள், விளிம்பு நேர்கோடாக ஓட வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் மடிந்திருந்தால் ஜாக்கைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் முன்னும் பின்னுமாக நான்கு இடங்களில் பல் பதிந்த தடம் இருந்தால், காரைச் செசி நிமிர்த்தும் இயந்திரத்தில் கவ்வி நிறுத்தியிருக்கிறார்கள். இந்தத் தடத்தைப் பெயின்டால் மறைத்தாலும் விரலால் தடவினால் பிடிபடும்.

இப்போதைய கார்களின் பி தூண் உயர் வலிமை எஃகு. சூடாக்கி நிமிர்த்தினால் அந்த வலிமை போய்விடும், பார்வைக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. தூணில் வேலை நடந்திருப்பது உறுதியானால் எந்த விலைக்கும் வாங்கச் சொல்ல மாட்டோம். பக்கவாட்டில் மோதும்போது உங்களுக்கும் மற்ற வாகனத்துக்கும் நடுவில் முக்கியமாகத் தாங்குவது அந்தத் தூண்தான்.

## அறிகுறி 5: டிக்கிக்குள் ஈரம், பூஞ்சை மணம், ஸ்பேர் டயர் குழியில் அலை

கம்பளத்தைத் தூக்கி ஸ்பேர் டயரையும் கருவிப் பெட்டியையும் வெளியே எடுங்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது போதாது.

ஈரத்துக்கு எளிய காரணம் டிக்கி ரப்பர் அல்லது பின் லைட்டின் கஸ்கட். ஒருவர் வெளியே குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் விட, இன்னொருவர் டோர்ச்சுடன் உள்ளே பார்த்தால் எங்கிருந்து சொட்டுகிறது என்று தெரியும். லைட்டிலிருந்து வந்தால் சின்னச் செலவு. தகடுகள் சேரும் தையலிலிருந்து வந்தால், பின்பக்கத்தை வெட்டி ஒட்டியபோது சீலர் சரியாகப் பூசவில்லை.

வட்டக் குழியின் அடித்தகடு அலையில்லாமல் இருக்க வேண்டும். பின்னால் மோதிய காரில் எளிதில் சுருங்குவது இந்தத் தகடு. தட்டி எடுத்தாலும் சுத்தியல் புள்ளிகள் நிற்கும். மேலே தடிப்பான கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தால், அது எதையோ மறைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் 2016 மே வெள்ளத்தில் நின்ற கார்களிலும் டிக்கியில் துரு இருக்கும். வெள்ளத் துரு இருக்கைத் தண்டவாளம், பெல்ட் அடி, டேஷ்போர்ட் உள் இரும்பு என்று எங்கும் இருக்கும். வெல்ட் துரு ஒரு தையலைப் பிடித்துக் கோடாக ஓடும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்காற்றில் நின்ற காரிலோ துரு அடிப்பகுதி முழுக்கப் பரவியிருக்கும்.

ஹைப்ரிட் என்றால் இன்னொரு கவலை. மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் பெரிய பற்றரி பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது, வெசல் ஹைப்ரிட்டில் டிக்கித் தரைக்கடியில். பின்னால் மோதிய தடயம் கண்டால் பற்றரி உறையைப் பயிற்சி பெற்ற ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். செம்மஞ்சள் நிற வயர்களை நீங்கள் தொடவே கூடாது.

## அறிகுறி 6: ஓடும்போது ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டியரிங் சாய்ந்து நிற்கிறது

நம் வீதிகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்தவை. லேசாக இடது பக்கம் போவது இயல்பு. வலது பக்கம் இழுத்தால் கவனியுங்கள்.

டயர் காற்றைச் சரிபார்த்து, முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றி ஓட்டுங்கள். திசைக்குறி உள்ள டயர்களை மாற்றக்கூடாது. இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. மாறாவிட்டால் பிரேக் ஒட்டுகிறதா என்று, ஓட்டி நிறுத்தியதும் ரிம்களின் சூட்டை ஒப்பிடுங்கள். அதுவும் சரி என்றால் கணினி வீல் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோய், சரிசெய்யும் முன்பே அளவை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) இரு பக்கத்திலும் 0.75 பாகைக்கு மேல் வேறுபட்டால், அல்லது சரிசெய்ய முடியாத பின் அச்சின் டோ அளவு (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) எல்லைக்கு வெளியே இருந்தால், வளைந்தது கையோ அச்சோ செசியோ என்று லிஃப்டில் ஏற்றித்தான் சொல்ல முடியும்.

போகும் முன் நீங்களே செய்யக்கூடிய ஒன்று: ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் அளவெடுங்கள். அக்வா 2550 மி.மீ., அக்சியோ 2600, வெசல் 2610, மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் 2700. நாடாவில் சில மி.மீ. பிசகும். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 10 மி.மீ. வித்தியாசம் வந்தால் அது நாடாவின் பிசகு அல்ல.

## அறிகுறி 7: எயார்பேக் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது, அல்லது எரியவே இல்லை

எரியாமல் இருப்பதுதான் மோசம். சாவியை ஒன் செய்ததும் லைட் எரிந்து, ஏறக்குறைய 6 செக்கனில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். எண்ணெய் லைட் அணையும் அதே கணத்தில் இதுவும் அணைந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம். எரிந்துகொண்டே இருப்பதற்கு இருக்கைக்கடியில் தளர்ந்த கனெக்டர் போன்ற சின்னக் காரணமும் உண்டு. ஸ்கேனர் போட்டால் தெரியும்.

முன் பெல்ட்டுகளை முழுவதும் வெளியே இழுங்கள். இழுக்க வராமல் இறுகி நின்றாலும், விட்டால் சுருளாமல் தொங்கினாலும் மோதலின்போது பெல்ட்டை இறுக்கும் கருவி வெடித்திருக்கலாம். பெல்ட்டின் அடியில் தைத்த சீட்டில் தயாரிப்புத் திகதி இருக்கும். அது கார் தயாரித்த வருடத்துக்குப் பிந்தியது என்றால் பெல்ட் மாறியிருக்கிறது. கண்ணாடிகளின் மூலையிலுள்ள குறிகளையும் அப்படியே ஒப்பிடலாம். முன் கண்ணாடி மட்டும் வேறு என்றால் கல் பட்டிருக்கும். ஒரே பக்கத்தில் கதவுக் கண்ணாடியும் குவாட்டர் கண்ணாடியும் வேறு என்றால் அறிகுறி 4-ஐ மறுபடி பாருங்கள்.

## அறிகுறி 8: ஏலத் தாள் நல்ல தரம் காட்டுகிறது, காரில் தடயம் இருக்கிறது

ஏலத் தாள் என்பது ஜப்பானில் கார் ஏலத்துக்கு வந்தபோது பரிசோதித்துத் தரமிட்ட தாள். அது ஜப்பானில் இருந்தவரைக்குமான நிலையைத்தான் சொல்லும். இங்கே வந்த பிறகு நடந்த மோதல் அதில் வராது. அடுத்த சாத்தியம், அது வேறு காரின் தாள். செசி இலக்கம், நிறம், கிலோமீட்டர் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். படமாக அனுப்பியதை நம்பாமல், செசி இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தி நீங்களே புதிதாக எடுப்பது நல்லது. தரத்தின் இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் அது திருத்த வரலாறு உள்ள கார். படத்தில் எக்ஸ்எக்ஸ் என்ற குறி மாற்றிய பெனலையும், டபிள்யூ என்பது திருத்திய அலையையும் காட்டும்.

## அறிகுறி 9: செசி இலக்கத்தைச் சுற்றி வெல்ட், கிரைண்டர் தடம்

இலக்கம் சில கார்களில் தீச்சுவரில் இருக்கும், சிலவற்றில் முன் இருக்கைக்கடியில் கம்பளத்துக்குக் கீழே. எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அழுக்கும் மேல்துருவும் படிந்திருப்பது சாதாரணம், துணியால் துடைத்தால் தெரியும். சுற்றிலும் சதுரமாக வெல்ட் கோடு, வேறு பெயின்ட், தேய்த்த பள்ளம் ஏதாவது இருந்தால் இதில் பேரம் பேச இடமில்லை. முற்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் பதிவுப் புத்தகத்தின் பிரதியோடு நாரஹேன்பிட்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் பொலிசிலும் கேளுங்கள்.

இலக்கம் சுத்தமாக இருந்தும், கூரையின் ஓரத்திலும் சில்லிலும் ஒரே குறுக்குக் கோட்டில் வெல்ட் தடம் இருந்தால் இரண்டு கார்களின் பாதிகளைச் சேர்த்திருக்கிறார்கள். கூரை ஓரப் பிளாஸ்டிக் பட்டியைத் தூக்கி, கதவு நிலையின் ரப்பரை உரித்து, கம்பளத்தைத் தூக்கித் தரையைப் பார்த்தால் கோடு தொடர்ந்து வரும்.

லிஃப்டில் ஏற்றும் செலவை நீங்களே ஏற்பதாக முதலிலேயே சொல்லுங்கள். ஜாக் மட்டும் வைத்துத் தூக்கிய காரின் கீழே எக்காரணத்தாலும் போகாதீர்கள். கராஜை நீங்கள் தெரிவு செய்யுங்கள், விற்பவரோ புரோக்கரோ காட்டுவதாக இருக்க வேண்டாம். அங்கே "கார் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். முன் செசிச் சட்டம் இரண்டும், ஏப்ரன் இரண்டும், சப்ஃப்ரேம் (என்ஜினுக்கடியில் பொல்ட்டில் பூட்டும் சட்டகம்) பொல்ட்டுகளில் வாஷர் நகர்ந்த தடம், சில்லில் கவ்விய தடம், பின் தரை என்று இந்த ஐந்தையும் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.